எண்ணிக்கையில் சேராத பிள்ளை

கெலிஓயாவிலே எமது அடுத்த வீட்டில் கத்தோலிக்கக் குடும்பமொன்று வாழ்கின்றது. அவ்வீட்டு அம்மையார் எமது இல்லாளுக்கு உடன்பிறந்த தமக்கை போன்றவர். பல ஆண்டுகளுக்கு முன், இல்லாள் மூன்றாம் மாதத்திலே கருச்சிதைவுற்று வைத்தியசாலையிலிருந்து திரும்பியபோது, உறவினர் பலர் வந்து ஆறுதல் மொழிந்தனர். "உருவமே ஆகாத ஒன்றுதானே, அடுத்த முறை எல்லாம் நல்லபடி நடக்கும்" என்பதே அவர்தம் ஆறுதலின் சாரம். நாமும் அதனையே சொன்னோம். வேறு சொல்ல அறியாமையினாலேயே சொன்னோம்.

அடுத்த வீட்டு அம்மையார் மட்டும் அவ்வாறு சொல்லவில்லை. இல்லாளின் கரத்தைப் பற்றிக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன பெயர் நினைத்திருந்தாய், தங்கச்சி?" என்று கேட்டார். அதுவரை அழாதிருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மனித உயிர் எப்போது தொடங்குகின்றது? அன்று முதல் இவ்வினா எம்மை விட்டு நீங்கவில்லை. அவ்வம்மையாரின் சமயம் இதற்கு என்ன விடை தருகின்றதெனத் தேடிப் படிக்கலானோம்.

கருவழித்தலைத் திருச்சபை ஆதிமுதல் பாவமெனவே கொண்டது. ஆயினும், ஆன்மா கருவிற் புகும் நாள் எதுவென்பதில் அச்சமயத்துப் பேரறிஞர் ஒருமித்தாரல்லர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அக்குவினா தோமையார், கிரேக்க ஞானி அரிஸ்டோட்டிலைப் பின்பற்றி, உடல் ஓரளவு அமைந்த பின்னரே அறிவுள்ள ஆன்மா சேர்கின்றது என்றார். அரிஸ்டோட்டிலின் கணக்கில் அது ஆண் கருவுக்கு 40ஆம் நாள்; பெண் கருவுக்கு 90ஆம் நாள். இதனையொட்டித் திருச்சபைச் சட்டத்தின் தண்டனையிலும் நெடுங்காலம் வேறுபாடு இருந்தது. 1869இல் பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் அதனை நீக்கினார்.

எமது நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலும் இத்தகைய நாட்கணக்கின் சாயலொன்று உண்டு. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருவழித்தல் குற்றமென வகுத்த அச்சட்டம், உச்சத் தண்டனையை 3 ஆண்டுச் சிறையென வைத்தது. கருவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் 7 ஆண்டு.

இக்காலத்தில் திருச்சபை சொல்வது யாது? ஆன்மா புகும் கணம் இதுவெனத் தீர்ப்பளிக்க, 1974இல் வெளியான வத்திக்கான் அறிக்கையும் முன்வரவில்லை. ஐயமுள்ள இடத்திலே ஒரு மனித உயிரைப் போக்கும் அபாயத்தை ஏற்கலாகாது என்பதே அதன் வாதம். 1987இல் வெளியான மற்றோர் அறிவுறுத்தல், கருவுற்ற கணத்திலிருந்தே அதனை ஓர் ஆளென மதித்து நடத்துக என்றது. குடத்தில் நீர் மொள்ளும் ஓசையை யானையின் ஓசையென எண்ணி அம்பெய்த தசரதனை அறிந்த நமக்கு, இவ்வாதத்தின் வலிமை விளங்காது போகாது.

கிறிஸ்தவர் யாவரும் இதில் ஒரே நிலையினர் என்று கொள்ளலாகாது. தாயின் உயிருக்கு ஆபத்து, வன்கொடுமை போன்ற துயர நிலைகளில் விதிவிலக்கை ஏற்கும் சபைகளும் உள்ளன.

இவற்றையெல்லாம் படித்தபின் ஒருநாள் அம்மையாரிடம் உரையாடினோம். அவர் வாதம் எதுவும் புரியவில்லை. "டிசெம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாள். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 25இல், தேவதூதர் மாதாவுக்குச் செய்தி சொன்ன திருநாள் எங்களுக்கு வந்துவிடுகிறது. ஆண்டவர் எங்களிடம் வந்தது அன்றைக்குத்தான், ஐயா" என்றார். திருமுழுக்குப் பெறாது இறந்த சிசுக்களின் கதி குறித்துத் தம் பாட்டி காலத்துத் தாய்மார் பட்ட கவலையையும் சொன்னார். அவர்களுக்கும் மீட்பு உண்டென நம்ப இடமுண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு கூறியிருப்பதை நாம் படித்திருந்தோம். அதனைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

நம் சமயத்திலும் விடை ஒன்றன்று. கர்ப்போபநிடதம் ஏழாம் மாதத்திலே சீவன் சேர்வதாகக் கூறும். மணிவாசகப் பெருமானோ, போற்றித் திருவகவலிலே, கருப்பையில் உயிர் தப்பிப் பிழைக்கும் இடர்களை முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொன்றாக எண்ணிச் செல்கின்றார். எத்தனையோ முறை ஓதிய பகுதிதான். முதல் மாதத்து இடரைத் தாண்டுவதற்கும் ஓர் உயிர் வேண்டுமே என்பது அம்மையாரின் கேள்விக்குப் பின்னரே எமக்கு உறைத்தது. தாண்ட இயலாது போனதை "ஒன்றுமில்லை" என்று எவ்வாறு சொன்னோம்?

உயிர் தொடங்கும் கணத்தை வரையறுத்துச் சொல்லும் வல்லமை எமக்கில்லை. ஆனால், துயருற்ற தாயிடம் அக்கணக்கைப் பேசலாகாது என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம்.

பிள்ளைகள் எத்தனையென எவரேனும் கேட்டால், "இரண்டு" என்று சொல்லுமுன் எமது இல்லாள் ஒரு கணம் தயங்குவாள். முன்னெல்லாம் நாம் முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுவோம். இப்போது காத்திருக்கின்றோம்.