தென்னாட்டுக் காவலன் தொடங்கிய சண்டை

டி.பி. கைலாசம் ஓர் ஊமைப் படத்தில் நடித்தார் என்று படித்ததிலிருந்து அந்தச் செய்தி என்னை விடவில்லை. பெங்களூரில் சில வருடம் இருந்தவர்களுக்குக்கூட அவர் பெயர் காதில் விழுந்திருக்கும். பிறந்தது தமிழ்க் குடும்பம். எழுதியது கன்னடம், நடுநடுவே தாராளமாக ஆங்கிலம். எழுதியது என்றா சொன்னேன்? அவர் வாயால் சொல்லச் சொல்ல நண்பர்கள்தான் எழுதிக்கொண்டார்கள். லண்டனில் நிலவியல் படித்துத் திரும்பி, மைசூர் அரசின் நிலவியல் துறையில் கிடைத்த உத்தியோகத்தை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தவர். 1918இல் வந்த ‘டொள்ளு கட்டி’ முதல், இந்த ஊர் நடுத்தர வீடுகளின் பேச்சை அந்த வீடுகளில் கேட்டபடியே மேடையில் வைத்தார். 1945இல் சென்னையில் நடந்த கன்னட சாகித்திய சம்மேளனத்துக்கு அவர்தான் தலைவர். அப்படிப் பேச்சே மூச்சாக வாழ்ந்தவரைச் சத்தமில்லாத படத்தில் நிறுத்தினால் என்ன செய்வார்?

படம் ‘வசந்தசேனா’. சூத்ரகரின் ‘மிருச்சகடிக’ நாடகத்தை வைத்து 1930ஐ ஒட்டி மோகன் பவ்னானி எடுத்தது. ஏனாக்ஷி ராமராவ் வசந்தசேனை. கமலாதேவி சட்டோபாத்யாயாவும் உண்டு. 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் துணிந்து நின்றவர், 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதானவர், சினிமாவில் நடிக்கும் பெண்ணை ஊர் முகம் சுளித்துப் பார்த்த காலத்தில் கேமராவுக்கு முன்னாலும் போய் நின்றிருக்கிறார். அந்த நாளில் பெங்களூரும் சினிமா ஊர்தான். ஹரிபாய் தேசாயின் சூர்யா பிலிம் கம்பெனி இங்கே இருந்தது. குப்பி வீரண்ணாவும் இங்கே ஒரு கம்பெனி தொடங்கி ஊமைப் படம் எடுத்தார். அவருக்கு ‘ஹரிமாயா’வை இயக்கித் தந்த ஒய்.வி. ராவ்தான், பிறகு 1937இல் பாகவதரை வைத்துச் ‘சிந்தாமணி’யை எடுத்தார்.

‘வசந்தசேனா’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. இந்தியாவில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப் படங்களில் மிஞ்சியவை மிகச் சில. கிடைக்காத அந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சிக்காக மனம் அடித்துக்கொள்கிறது.

அந்தக் காட்சி எனக்கு அப்பாவின் குரலில் அறிமுகமானது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இந்த நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்திருக்கிறார். அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா அதை எடுத்து உரக்கப் படிப்பார். பண்டிதமணியின் தமிழ் கம்பீரமானது. ஆனால் ஆறாம் அங்கம் வந்துவிட்டால் அப்பா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுத் தன் தமிழுக்கு வந்துவிடுவார்.

உஜ்ஜயினியில் பாலகன் என்று ஒரு கொடுங்கோல் அரசன். ஆரியகன் என்ற இடையன் அரசனாவான் என்று ஒரு சித்தர் சொன்னதைக் கேட்டுப் பயந்து, அவனைப் பிடித்துச் சிறையில் போட்டிருக்கிறான். அவன் சிறையை உடைத்து ஓடி வருகிறான். காலில் அறுந்த சங்கிலி. தெருவில் ஒரு வண்டி நிற்கிறது. வசந்தசேனையை ஏற்றிக்கொள்ள வந்த, அவள் காதலன் சாருதத்தனின் வண்டி. அவளோ அவசரத்தில் அரசனுடைய மைத்துனனின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். ஆரியகன் இந்த வண்டிக்குள் நுழைந்துகொள்கிறான். சங்கிலிச் சத்தம் கேட்ட வண்டிக்காரன், அது அம்மாளின் கால் சிலம்பு என்று எண்ணி மாட்டைத் தட்டுகிறான். ஓர் ஆட்சி கவிழப்போவது இந்த இடத்தில்தான்.

வழியில் காவலர் தலைவர்கள் இரண்டு பேர் மறிக்கிறார்கள்: வீரகன், சந்தனகன். சந்தனகன் ஏறித் திரைக்குள் பார்க்கிறான். ஆரியகன் அடைக்கலம் கேட்கிறான், இவனும் கொடுத்துவிடுகிறான். இறங்கி வந்து, உள்ளே இருப்பது யார் என்று சொல்லும்போது வாய் குழறுகிறது. ஆணைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் பெண்ணாக மாற்றுகிறான். வீரகனுக்குச் சந்தேகம். அதற்குச் சந்தனகன் சொல்லும் சமாதானம் இருக்கிறதே, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் கேட்டாலும் நம் ஊர்ப் பேச்சு அது! தான் தென்னாட்டான், தங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பேச்சு தெளிவாக வராது என்கிறான். பல நாட்டுப் பாஷைகளும் தெரிந்ததால் ஆண்பால் பெண்பால் கலந்துவிடுமாம். அந்த நாடுகளின் பட்டியலில் கர்நாடகமும் உண்டு, திராவிடமும் உண்டு, சோழமும் உண்டு. வீரகன் மசியவில்லை, தானே ஏறிப் பார்ப்பேன் என்கிறான். உடனே சந்தனகன் தனக்குள் ஒரு முடிவு எடுக்கிறான்: கர்நாடக பாணியில் ஒரு சண்டையைத் தொடங்கிவிட வேண்டியதுதான். தொடங்கியும் விடுகிறான். சாதியை இழுக்கிறான், குடுமியைப் பிடிக்கிறான், காலால் உதைக்கிறான். இந்த அமளியில் வண்டி போய்விடுகிறது, உள்ளே வருங்கால அரசன், கையில் சந்தனகன் கொடுத்த வாளோடு.

அப்பா வீரகனுக்குப் புத்தகத் தமிழைக் கொடுப்பார். சந்தனகனுக்கு அல்சூர் மார்க்கெட் தமிழ், பாதி கன்னடம். ‘ஏனப்பா, நான் பார்த்தது பத்தலையா, நீ வேற நோடணுமா?’ என்று அவர் எகிறும்போது, அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்த அம்மா கதவருகில் வந்து நிற்பாள். எங்களுக்குச் சாருதத்தனின் காதல் ஒரு பொருட்டே இல்லை. சண்டையைத்தான் மறுபடி கேட்போம்.

வண்டி மாறுவதைக் காட்டப் பேச்சு வேண்டாம். திரை அசைவது, சங்கிலி, மாட்டின் ஓட்டம் போதும். ஊமைப் படத்துக்கென்றே செய்தது போன்ற காட்சி. ஆனால் அடுத்த நொடியே கதை முழுவதும் நாக்குக்கு வந்துவிடுகிறது. குழறலும் ஏச்சும் இல்லாமல் சந்தனகன் இல்லை. எழுத்து அட்டையில் எத்தனை வரி போட முடியும்? ஆனாலும் அன்றைய கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் உண்டு. சிவாஜிநகரில் வீரபத்திர முதலியார் கட்டிய எல்ஜின் கொட்டகை போன்ற கண்டோன்மெண்ட் இடங்களில் அந்தச் சண்டையைத் தமிழில் போட்டிருப்பார்கள் என்றும், பேட்டைப் பக்கம் கன்னடத்தில் போட்டிருப்பார்கள் என்றும் நினைத்துக்கொள்வதில் எனக்கு அலாதி சந்தோஷம். ஒரே பிலிம், இரண்டு ஊர் ஏச்சு.

படத்தின் முகங்களில் ஒன்றையாவது இன்று பார்க்கலாம். அதே ஏனாக்ஷி, பிரான்ஸ் ஆஸ்டன் இயக்கிய ‘ஷிராஸ்’ (1928) படத்தில் மும்தாஜாக வருகிறார். அங்கும் காதல், அரண்மனைச் சூழ்ச்சி, யானைக் காலில் இடற விதிக்கப்பட்ட காதலன். லண்டனில் அதைப் புதுப்பித்து, அனுஷ்கா சங்கர் இசையோடு 2017இல் வெளியிட்டார்கள். அடிமைச் சந்தையில் விலைபோகும்போதும் நிமிர்ந்து நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தால், காதலனைக் காக்கக் கொலைக்களத்துக்கு ஓடி வரும் வசந்தசேனையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பவ்னானியை மணந்து, பிற்காலத்தில் இந்திய நடனம் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவரும் அவரே.

கைலாசத்தை ஊகிக்கத்தான் வழியில்லை. என்னிடம் கேட்டிருந்தால், தமிழ் வீட்டில் பிறந்து கன்னடத்தை ஆண்ட அந்த மனிதருக்குச் சந்தனகன் வேடத்தைத்தான் கொடுக்கச் சொல்லியிருப்பேன். சின்ன வேடம் என்று யாரும் தள்ள முடியாது. பாலகன் ஒழிந்து ஆரியகன் அரியணை ஏறியதும், கடைசி அங்கத்தில் அவரவர்க்குப் பரிசு கொடுக்கும்போது, வாய் குழறிய அந்தத் தென்னாட்டானைத்தான் நாடு முழுவதற்கும் காவல் தலைவனாக்குகிறார்கள்.