சிறுவிரலின் வேலை

கையிலுள்ள விரல்களுள்ளே சிறுவிரலை ஒரு பொருட்டாக மதிப்பவர் குறைவு. பெருவிரலுக்கு ஏகலைவன் கதை ஒன்றே போதும். சுட்டுவிரலுக்குப் பெயரே ஓர் உத்தியோகம். மோதிரவிரலின் பெருமையை நகைக்கடைக்காரர் அறிவர். சிறுவிரலோ, குழந்தைகள் கோபித்துப் பின் சமாதானம் ஆகும்போது கோத்துக்கொள்வதற்கு மட்டும் படைக்கப்பட்டது போலக் கடைசியில் நிற்கிறது. ஆயினும் விசைப்பலகையின் முன் அமர்ந்து பிழைப்பவர்கள் அதன் அருமையை அறிவார்கள். அதை இழந்தவர்கள் இன்னும் நன்றாக அறிவார்கள்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி அவ்விதம் அறிந்தவள். பாடசாலைக்குப் போகத் தொடங்கிய வயதில், வளவின் பின்புறத்துப் பற்றையில் கிடந்த பொருளொன்றை விளையாட்டுச் சாமான் என்று எண்ணி எடுத்தாள். யுத்தம் விட்டுப்போன வெடிபொருள் அது. உயிர் தப்பியது, வலக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் போயின. தகப்பனார் இல்லாத வீடு. தாயார் இடியப்பம் அவித்து, விடியற்காலையில் உட்துறைமுக வீதிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறவர். அந்த வருவாயிலே படித்து உயர்தரம் சித்தியெய்தினாள். கணினியை எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்தில்தான் முதன்முதலாகத் தொட்டாள்.

அவளுடைய தமிழ்த் தட்டச்சைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பாடம். எமது நாட்டில் பலரும் பழகியிருக்கும் பாமினி முறையிலே புள்ளி வலக்கைச் சிறுவிரலின் கீழ் இருக்கிறது. இகர விசிறியும் அதே விரலின் பங்கு. புள்ளி இல்லாத தமிழ் வாக்கியம் ஒன்றை எழுத முயன்று பாருங்கள். அப்போது அவ்விரலின் சுமை விளங்கும். அவள் நடுவிரலை அங்குமிங்கும் ஓட்டி, மூன்று விரல்களால் ஐந்தின் வேலையையும் செய்து வந்தாள். நான் அதைத் திருத்த முயலவில்லை. ஓடுகிற ஆற்றுக்கு வழி காட்டுவது வீண்வேலை.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டு பிறந்து, சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா என்பவர் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வகுத்தார். அதை ஜெர்மனியில் செய்வித்தார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்க அவர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அதன்பின் எழுத்தைத் தட்டினால் இரண்டும் ஓரிடத்தில் பதியும். கணினி வந்த பின் தாளும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆயினும் எழுத்துக்கள் பெரும்பாலும் தத்தம் ஆசனங்களை விட்டு எழவில்லை. 2008 ஆம் ஆண்டின் இலங்கைத் தரமாகிய எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்தத் தட்டச்சு வழியில் வந்ததே. ஒருமுறை விரல் பழகிவிட்டால், காரணம் மறைந்த பின்னும் காரியம் நிலைத்துவிடுகிறது.

இதே உண்மையை, கடல் கடந்த வேறொரு விசைப்பலகையிலே காணும் சந்தர்ப்பம் அவளால் எனக்குக் கிடைத்தது. கொழும்பிலுள்ள ஸ்தாபனம் ஒன்று, வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனியொன்றின் பதிவேடுகளைத் திருத்தும் வேலைக்கு அவளைத் தெரிந்தெடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், மடிக்கணினியும் அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் நாளொன்றுக்கு முந்நூறு திரைகள் என்ற கணக்கை எட்டவேண்டும். இரண்டாம் வாரத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நூற்றெழுபதைத் தாண்ட முடியவில்லையாம்.

"சேர், இந்த வேலையில எல்லாரும் வலக்கைச் சின்னவிரலாலதான் அனுப்புகினம். எனக்கு அது இல்லையே, நான் எதால அனுப்புறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் சிரித்தாள், உடன் வந்த தாயார் சிரிக்கவில்லை.

திரையைப் பார்த்தேன். கறுப்புத் தளத்திலே பச்சை எழுத்துக்கள். அந்தக் காப்புறுதிக் கம்பனியின் கணக்குகளெல்லாம் இன்றும் ஐ.பி.எம். பெருங்கணினி ஒன்றிலே வாழ்கின்றன. அவளுடைய மடிக்கணினியோ, 1971 இல் அறிமுகமான 3270 என்னும் முனையத்தைப் போல நடிக்கும் ஒரு மென்பொருளின் மூலம் அதனுடன் பேசுகிறது. நடிப்பு என்றால் வேஷம் முழுமையாக இருக்க வேண்டுமல்லவா? அந்தப் பழைய முனையத்தின் விசைகள் யாவும் இந்தப் புதிய பலகையில் எங்கேயாவது ஒளிந்திருக்க வேண்டும்.

அந்த முனையத்தின் குணம் விசித்திரமானது. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது உடனே பெருங்கணினிக்கு அனுப்புவதில்லை. பாலங்கள் வருமுன் எங்கள் துறைமுகத்திலிருந்து மூதூருக்குச் சென்ற லோஞ்சை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பிரயாணிகள் ஒவ்வொருவராக ஏறி அமர்வர், இடம் மாறுவர், இறங்கி வெற்றிலை வாங்கி மீண்டும் ஏறுவர். படகு அசையாது. புறப்பட்டதன் பின்போ ஒருவரும் ஏற முடியாது, இறங்கவும் முடியாது. அவ்வாறே திரை நிறைய எழுதி, அழித்து, திருத்திக்கொள்ளலாம்; எல்லாம் நம் மேசையோடு. என்டர் விசையை அழுத்தியதும் திரையில் மாற்றியவை யாவும் மொத்தமாகப் போய்விடும். பதில் வரும்வரை விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். தவறான இடத்தில் எழுத முயன்றாலும் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டைத் திறப்பதற்கு ரிசெட் என்று தனியே ஒரு விசை.

இங்கேதான் சிக்கல். இன்றைய பலகையில் நாம் என்டர் என்று அழைக்கும் பெரிய விசை, அந்த முனையங்களிலே அடுத்த வரிக்குச் செல்வதற்கு உரியது. தட்டச்சுப்பொறியின் மரபு அது. அனுப்பும் என்டர் வலது கீழ் மூலையில், இப்போது வலக் கொன்ட்ரோல் இருக்கும் இடத்திலே இருந்தது. பிற்காலத்தில் அவற்றுக்கென வந்த 122 விசைப் பலகையிலே ரிசெட் இடது கீழ் மூலையில். ஐ.பி.எம். தன் மென்பொருளை வகுத்தபோது பழைய எழுதுவினைஞர்களின் விரல்களைக் கலைக்க விரும்பாமல் அதே மூலைகளை வைத்துக்கொண்டது. என் மாணவிக்குத் தரப்பட்ட மென்பொருளும் அப்படியே. எனவே ஒரு நாளைக்கு முந்நூறு தடவை வலக்கைச் சிறுவிரல் அந்த மூலைக்குப் போய்வர வேண்டும். சிறுவிரல் இல்லாத கையோ, முழுவதுமாக எழுந்து, போய், திரும்பி வந்து தன் இடத்தைத் தடவித் தேட வேண்டியிருந்தது.

நல்ல வேளையாக, இத்தகைய மென்பொருள்கள் தம் விசை ஒழுங்கை மாற்ற இடம் கொடுக்கின்றன. சாதாரணக் கோப்பு ஒன்றிலே, ஒரு பக்கம் விசையின் பெயர், மறுபக்கம் அது செய்யவேண்டிய தொழில் என்று வரி வரியாக எழுதி வைத்தால் போதும். இரும்பை வெட்டி ஒட்டிய முத்தையா காலத்தவர் இதைக் கண்டிருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்கள். நானும் அவளும் அன்று பின்னேரம் தாளும் பென்சிலுமாக அமர்ந்தோம். அவளுடைய இடக்கை முழுமையானது. ஆகவே அனுப்பும் வேலையை இடக்கைச் சிறுவிரலுக்கு மாற்றுவது என்று தீர்மானித்தோம்.

இடக் கொன்ட்ரோலுக்கே அதைக் கொடுத்துவிடலாம் என்றாள் அவள். நான் ஒப்பவில்லை. பிரதி எடுப்பதற்கு அவள் கொன்ட்ரோலுடன் வேறு எழுத்தைச் சேர்த்து அழுத்துபவள். தொடங்கிய பின் மனம் மாறிக் கையை எடுத்தால், அரைகுறையாக நிரப்பிய காப்புறுதிப் பத்திரம் சமுத்திரம் கடந்துவிடும். இறுதியில் இலக்கம் ஒன்றுக்கு இடப்புறம், மேல் மூலையில் கிடக்கும் சாய்வுக்குறி விசையைத் தெரிந்தெடுத்தோம். காப்புறுதிக் கணக்கில் அக்குறிக்கு ஒரு வேலையும் இல்லை.

ரிசெட்டை என்ன செய்வது? அது இடது கீழ் மூலையிலேயே இருந்தால், அனுப்புவதும் பூட்டுத் திறப்பதும் ஒரே சிறுவிரலின் பொறுப்பாகிவிடும். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்று அழுத்தப்படும். பழைய பலகையை அமைத்தவர்கள் இவ்விரண்டையும் எதிரெதிர் மூலைகளில் வைத்ததன் நுட்பம் அப்போதுதான் எனக்கு முழுவதும் புலப்பட்டது. நாங்களும் ரிசெட்டை வலக் கொன்ட்ரோலுக்கு அனுப்பினோம். அரிதாகத் தேவைப்படுவது தூரத்தில் இருந்தால் பாதகமில்லை.

அடுத்தது பி.எஃப். விசைகள். அந்த முனையத்துக்கு அவை இருபத்துநான்கு வரை உண்டு. நம் பலகையிலோ பன்னிரண்டே. பதின்மூன்று முதல் மேலுள்ளவற்றை ஷிப்டுடன் சேர்த்து அழுத்துவது வழக்கம். அவளுக்கு இடக்கை ஷிப்ட் இருக்கையில் அதில் தொல்லை இல்லை. பக்கம் முன்னே பின்னே செல்ல உதவும் ஏழையும் எட்டையும் பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளுக்கும் கொடுத்தோம். அவள் பெயரைப் பார்த்தே நினைவு வைத்துக்கொண்டாள். எழுத்துக் குறியீட்டு மாற்றத்தில் நாங்கள் கைவைக்கவில்லை. பெருங்கணினியின் எப்சிடிக் முறையில் 'ஏ' என்னும் ஆங்கிலப் பேரெழுத்துக்கு இலக்கம் 193; நம் கணினிகளின் ஆஸ்கி முறையில் 65. இவற்றுக்கிடையே மென்பொருளே மொழிபெயர்த்துக்கொள்கிறது. அது ஒழுங்காக நடக்கும்போது தொடாதிருப்பதே புத்தி.

கம்பனிக் கணினியிலே அனுமதியின்றி எதையும் மாற்றலாகாது. ஆகவே கோப்பை அங்கு இடுமுன், காரணத்தை விளக்கி மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதும்படி சொன்னேன். விரல்களைப் பற்றி எழுத அவள் தயங்கினாள். நேர்முகப் பரீட்சை தொலைபேசியில் நடந்ததால், அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று தாயாருக்கும் பயம். "பிள்ளை, அந்தக் கை செய்த வேலையையும் எழுதும்" என்றேன். ஒரு வாரத்தில் எத்தனை திரைகள், எத்தனை பிழைகள் என்ற கணக்கையும் சேர்த்து எழுதினாள். பிழைகள் மிகச் சில. மூன்று நாட்கள் பதில் இல்லை. அம்மூன்று நாட்களும் தாயார் கோணேசர் கோயிலுக்குப் போய்வந்ததாகப் பின்னர் அறிந்தேன். நாலாம் நாள் இரண்டு வரியிலே பதில் வந்தது: முதலில் பயிற்சிக்கென ஒதுக்கிய பகுதியில் சோதித்துப் பார்த்த பின் பாவிக்கலாம்.

முதல் இரண்டு நாட்கள் முன்னிலும் மந்தமாகப் போயின. வலக்கை பழைய மூலைக்குப் போகப் பார்ப்பதும், இடக்கை மறந்து நிற்பதுமாக இருந்தது. இரண்டாம் மாத முடிவில் முந்நூற்றைத் தாண்டினாள். மூன்றாம் மாதத்தின் பின் வேலை நிரந்தரமாயிற்று. இடையில் ஒருமுறை மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவியபோது எங்கள் கோப்பு அழிந்துபோய், வலக் கொன்ட்ரோல் மீண்டும் அனுப்பும் விசையாகிவிட்டது. அவள் முன்யோசனையோடு ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்திருந்தாள்.

இந்த முயற்சியின் பின்னர் தமிழ்த் தட்டச்சைப் பற்றியும் அவளுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. 1999 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ் 99 முறையை நான் காட்டினேன். உயிரெழுத்துக்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். புள்ளி இடக்கைச் சுட்டுவிரலின் கீழ்! அன்றியும் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அப்பா' போன்ற சொற்களுக்குப் புள்ளியைத் தேடவே வேண்டியதில்லை. எமது நாட்டில் அம்முறைக்கு ஆதரவு குறைவு என்பதை அறிவேன். தரம் என்று ஒன்று இருப்பது நன்மையே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பாடசாலையில் ஒரே முறையை மட்டும் காட்டி, மற்றது உண்டு என்பதையே சொல்லாமல் விடுவது எனக்கு உடன்பாடன்று. தரங்களை வகுப்பவர்கள் பத்து விரல்களைக் கணக்கிட்டே வகுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கணக்கு எல்லார்க்கும் பொருந்துவதில்லை.

அவள் பத்து நாளில் தமிழ் 99 இல் வேகம் பெற்றுவிட்டாள். தாயாரின் இடியப்பக் கணக்கை, எந்தக் கடைக்கு எத்தனை, யார் எவ்வளவு பாக்கி என்று, இப்போது அதிலேதான் எழுதி வைக்கிறாள். அவளோடு வேலைக்குச் சேர்ந்த வேறு இருவர், விரல்கள் பத்தும் உள்ளவர்களே, சாய்வுக்குறி விசையால் அனுப்புவது இலேசாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு அந்தக் கோப்பின் பிரதியைக் கேட்டிருக்கிறார்களாம். கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டாள். மேற்பார்வையாளரிடம் அவர்களும் கடிதம் எழுதட்டும் என்றேன்.