முதலில் நீர், பிறகே மீன்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ எழுதுவதே முறை என்று முதலில் எண்ணினேன். ஆயினும் அண்மைக் காலத்தில் எனக்கு மிகுதியாகப் பாடம் கற்பித்தது நூல் எதுவும் அன்று. எங்கள் வில்லியனூர் வீட்டின் கூடத்தில் இருக்கும் ஒரு கண்ணாடித் தொட்டியே. ஆகவே அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். பெரியோர் பொறுத்தருள்க.

வில்லியனூர்க்காரர்களுக்கு மீன் புதிதன்று. ஒருபுறம் சங்கராபரணி ஆறு, மறுபுறம் ஊசுட்டேரி. மழைக்காலத்தில் வாய்க்கால் நிரம்பினால் கெண்டைக் குஞ்சுகளைத் துண்டால் அரித்துப் பிடித்துக் கண்ணாடிப் புட்டியில் விட்டுப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாங்கள். மாலைக்குள் அவை இறந்துபோகும். மறுநாள் வேறு குஞ்சுகளைப் பிடிப்போம். அவை ஏன் இறந்தன என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி என் மகன் வழியாக நாற்பது ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்து சேரும் என்று அன்று எனக்குத் தெரியாது.

2024ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் உறவினர் இல்லத் திருமணத்திற்காகச் சென்னை சென்றிருந்தோம். அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகன், வண்ண மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தான். கடைகடையாக நடந்தோம். ஒரு தொட்டியின் முன் அவன் கால்கள் நின்றுவிட்டன. தாம்பாளம் போல் வட்டமாய், இருபுறமும் தட்டையாய், நீல வரிகள் நெளியும் உடலுடன் சில மீன்கள் அசைவின்றி நின்றன. டிஸ்கஸ் என்றார்கள். வட்டெறிதலில் எறியும் தட்டுக்கு உரிய பெயரே அது.

தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியே இம்மீனின் தாயகம். பிரேசில் நாட்டில் நாட்டரர் என்பவர் திரட்டி அனுப்பிய மீனைக்கொண்டு, வியன்னாவில் இருந்த ஹெக்கல் என்னும் அறிஞர் 1840இல் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். உதிர்ந்த இலையும் வேரும் ஊறித் தேநீர் நிறம் பெற்ற, உப்புச் செறிவு மிகக் குறைந்த, வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்து பழகிய இனம் இது.

என் மகனைக் கவர்ந்தது நிறம் மட்டுமன்று. குஞ்சு பொரித்த பின்னர்த் தாய், தந்தை இரண்டின் தோலிலும் ஒருவகைக் கொழகொழப்பான பசை சுரக்கும். குஞ்சுகள் முதல் சில வாரங்கள் அதைக் கொத்தித் தின்றே வளரும். ஒன்று களைத்தால் மற்றொன்று முன்வந்து குஞ்சுகளை ஏற்றுக்கொள்ளும். கடைக்காரர் இதைச் சொன்னதும் அவன் என் கையைப் பற்றிக்கொண்டு, “அத்தா, அத்தாமீனும் பால் கொடுக்குமா!” என்று கேட்டான். இதே சிக்ளிட் குடும்பத்தைச் சேர்ந்த ஆரஞ்சு குரோமைடு என்னும் சிறுமீன் நம் தென்னாட்டுக் கழிமுகங்களிலும் இலங்கையிலும் வாழ்கிறது என்பதையும், அதன் குஞ்சுகளும் பெற்றோரின் தோலைக் கொத்தி உண்பது உண்டு என்பதையும் பின்னாளில் படித்து வியந்தேன்.

ஐந்து மீன்களை வாங்கினோம். ஊர் திரும்பிய அன்றே தொட்டியும் வாங்கி, ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பி, விளக்கைப் போட்டு, மீன்களை விட்டோம். நீர் பளிங்கு போல் இருந்தது. தெருவே வந்து பார்த்தது. மூன்றாம் நாள் மீன்களின் நிறம் கறுத்தது. ஐந்தாம் நாள் அவை மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று கருதி மேலும் தீனி போட்டேன். பத்தாம் நாள் தொட்டியில் மீன் இல்லை.

கடைசி மீனை எடுத்த காலையில் மகன் கேட்டான்: “அத்தா, அது நோயா, இல்லை நாம்தான் கொன்றோமா?” எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், “வாங்கும்போதே அதற்கு நோய் இருந்திருக்கும்” என்றேன். அவன் நம்பவில்லை. அதன்பின் பல நாள்கள் அந்தக் கூடத்தில் அவன் உட்காரவே இல்லை. மீன் இறந்ததைவிட என் விடை அவனை வருத்தியிருக்கும் என்று இன்று உணர்கிறேன்.

உண்மையான விடை பாகூரிலிருந்து வந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேட்டில் கல்விச்சாலைக்காகப் பேசப்படும் பழம்பெரும் ஊர் அது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணை நீரால் நிறையும் பாகூர் ஏரியை நம்பி நெல் விளைவிப்பவர் என் மாமனார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “மாப்பிள்ளை, பச்சை எருவைக் கொண்டுபோய் நாற்றின்மேல் கொட்டினால் என்ன ஆகும்? கருகிப்போகும். அதனால்தானே குழியில் போட்டு மக்க விடுகிறோம்? மீனும் கழியத்தானே செய்யும்? உங்கள் தொட்டியில் அதை மக்க வைக்க யார் இருந்தார்கள்?”

வேதியியல் ஆசிரியராகிய நண்பரிடம் இதைச் சொன்னேன். மாமனார் சொன்னது முற்றிலும் சரி என்றார் அவர். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. நீர் வெப்பமாகவும் காரத்தன்மை மிக்கதாகவும் இருந்தால் அந்நஞ்சின் கடுமை பெருகும். எங்கள் கிணற்று நீரோ காரத்தன்மை உடையது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு வரை தீங்கற்றது. நிலத்தில் நிகழும் இம்மாற்றம் நுண்ணுயிர்களின் வேலை என்பதை வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் மெய்ப்பித்தார். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இரா. அவை பெருகுவதற்குப் பல வாரங்கள் வேண்டும். பளிங்கு போல் தெரிந்த எங்கள் நீர், மக்காத எருக்குழியாகவே இருந்திருக்கிறது.

அன்று மாலை மகனை அழைத்து, “நீ கேட்டதற்கு விடை: நாம்தான் கொன்றோம். அறியாமல் செய்தோம். நான் உன்னிடம் பொய் சொன்னேன்” என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இனிமேல் தண்ணீர் சரியான பிறகு மீன் வாங்கலாமா?” என்றான்.

மார்ச் மாதம் மீண்டும் தொடங்கினோம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி. கணக்கிட்டால் 12 கன அடி. நிரப்பினால் ஏறத்தாழ 340 லிட்டர். நீரின் எடை மட்டுமே 340 கிலோ என்பதால் உறுதியான இரும்புத் தாங்கி செய்வித்தோம். சிறு தொட்டியில் நீரின் தன்மை விரைந்து கெடும்; டிஸ்கஸ் மீனுக்கு இடமும் வேண்டும். அடியில் கூழாங்கல் பரப்பவில்லை. கழிவு தங்காமல் துடைத்தெடுக்க வெறும் தரையே ஏற்றது. காற்றுக்குழாயுடன் இணைந்த இரண்டு பஞ்சு வடிகட்டிகளை வைத்தோம். அந்தப் பஞ்சுதான் நுண்ணுயிர்களின் குடியிருப்பு. மார்கழிக் குளிருக்காக நீர் சூடேற்றி ஒன்று. வெப்பம் 28 முதல் 30 பாகை வரை இருக்க வேண்டும். கிணற்று நீரின் கடினத்தன்மையைக் குறைக்க, வடிகட்டிய ஆர்.ஓ. நீரைச் சரிபாதி கலந்தோம். பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் டிஸ்கஸ், ஆற்று மீனைப் போல அவ்வளவு மென்மையான நீரைக் கேட்பதில்லை. ஆனால் இன்று ஒருவிதமாகவும் நாளை வேறுவிதமாகவும் மாறும் நீரை அதனால் தாங்க முடியாது.

பிறகு மீன் இல்லாத தொட்டிக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டோம். வந்தவர்கள் சிரித்தார்கள். “மீன் எங்கே?” என்று கேட்டவர்களிடம் மகன், “தண்ணீர் வளர்கிறது” என்று விடை சொன்னான். சோதனைத் துளிகளை இட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தான். முதலில் அம்மோனியா ஏறியது. இரண்டு வாரத்திற்குப் பின் அது இறங்க, நைட்ரைட் ஏறியது. அதுவும் இறங்கி, நைட்ரேட் தென்பட்டது. முதல் இரண்டும் சுழியத்திலேயே நிலைத்த நாளில் குறிப்பேட்டில் 43ஆம் நாள் என்றிருந்தது. அவ்வளவு நாளும் மீன் வாங்கும்படி ஒருமுறைகூட அவன் என்னை வற்புறுத்தவில்லை.

மே மாதம் ஆறு இளமீன்கள் வந்தன. டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் வலியது மெலியதை ஓயாமல் துரத்தும். ஆறு இருந்தால் அத்துரத்தல் பங்கிடப்பட்டுத் தணியும். இரண்டு நாளுக்கொரு முறை கால்பங்கு நீரை மாற்றினோம். எடுத்த நீரை வாழைக்கு விட்டோம். நைட்ரேட் பயிருக்கு உரமாதலால், வாழை முன்னைவிடச் செழித்தது. மாமனார் வந்து பார்த்து, “இப்போது மக்கியிருக்கிறது” என்று சுருக்கமாகச் சொன்னார்.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. மின்சாரம் நின்றது. சங்கராபரணி கரைபுரண்டது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதி ஊர்களைச் சூழ்ந்தது. மாமனாரின் வயலும் நீரில் மூழ்கியது. இத்தனை பேர் இழப்பிற்கு நடுவில் ஆறு மீன்களைப் பற்றிக் கவலைப்பட எனக்கே நாணமாக இருந்தது. ஆயினும் கவலைப்பட்டேன்.

சூடேற்றியை முதலிலேயே நிறுத்திவிட்டோம். காற்றுக்குழாய் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடியது. தீனியையும் நிறுத்தினோம், உண்ணாத மீன் கழிவும் குறைவாகவே இடும். தொட்டியைச் சுற்றிப் போர்வைகளைப் போர்த்தினோம். இரண்டாம் நாள் மாலை இன்வெர்ட்டரில் எஞ்சியிருந்த மின்சாரம் மிகச் சொற்பம். அப்போது எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத்திணறல் கண்டு, நெபுலைசர் கருவியோடு எங்கள் வீட்டிற்கு அழைத்து வந்தார்கள். இரவு முழுவதும் அது எத்தனை முறை தேவைப்படுமோ தெரியாது.

நான் ஒரு கணம் தொட்டியைப் பார்த்தேன். அந்தத் தயக்கத்தை மறைக்க விரும்பவில்லை. நான் வாய் திறக்குமுன் மகன் எழுந்து போய்க் காற்றுக்குழாயின் செருகியைப் பிடுங்கினான். பிறகு குவளை ஒன்றை எடுத்து, தொட்டி நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றத் தொடங்கினான். விழும் நீரோடு காற்று கலக்கும் என்பதை அவன் படித்திருந்தான். நாங்கள் மூவரும் முறைவைத்து விடியும்வரை ஊற்றினோம். பாட்டியின் மூச்சு சீரானது. மறுநாள் பிற்பகல் மின்சாரம் வந்தது.

ஐந்து மீன்கள் பிழைத்தன. ஒன்று இறந்தது. மகன் அதனை வாழையடியில் புதைத்தான். இம்முறை அவன் எதுவும் கேட்கவில்லை. எங்களால் இயன்றதைச் செய்தோம் என்பது அவனுக்குத் தெரியும்.

மீன் வளர்க்க விரும்பும் மாணவ நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. மீனுக்கு முன் நீரை வளர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வாரக்கணக்கில் பொறுக்க மனமில்லையென்றால் மீனை வாங்காதீர்கள். வளர்க்க முடியவில்லை என்று ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ அயல்நாட்டு மீனை விட்டுவிடவும் வேண்டா. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று வாங்கப்பட்டு வெளியில் விடப்பட்ட தென்னமெரிக்கக் கெளுத்தி இன்று தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

2025 ஆகஸ்டு மாதம் இரண்டு மீன்கள் இணையாகப் பிரிந்து, நாங்கள் வைத்திருந்த மண்குவளையின்மேல் முட்டையிட்டன. ஆணும் பெண்ணும் மாறி மாறித் துடுப்பால் விசிறியபடி காவல் நின்றன. மூன்றாம் நாள் முட்டைகள் யாவும் வெளுத்துப்போயின. நீரின் கடினத்தன்மை மிகுந்தால் அவ்வாறு நேர்வதுண்டு. மகனுக்கு ஆறுதல் சொல்ல அருகில் சென்றேன். அவன் பழைய குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான்.

“இந்த நீர் மீன் வாழப் போதும் அத்தா, முட்டை பொரிக்கப் போதவில்லை. மழைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்க்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை” என்றான்.

ஐப்பசி மழைக்காக மொட்டை மாடியைக் கழுவி, மழைநீர்த் தொட்டியைத் துடைத்து வைத்தோம்.