பசிக்கு விடுமுறை உண்டா?

கோடை விடுமுறை என்றதும் நம் உள்ளம் துள்ளுகிறதல்லவா? நுங்கு, மாங்காய், பாட்டி வீடு, மணியோசை எழுப்பாத உறக்கம்! சென்ற மே மாதம் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் வீடு சிறுசேரியில் இருக்கிறது. ஒருபுறம் கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள். மறுபுறம் எழும்பிக்கொண்டேயிருக்கும் அடுக்குமாடி வீடுகள். அவற்றைக் கட்டுவோர் தகரக் கொட்டகைகளில் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் தெருக் குழாய்க்கு வருவாள். அவள் தாய்க்குச் சித்தாள் வேலை.

ஒருநாள், "அக்கா, பள்ளிக்கூடம் எப்போ தொறப்பாங்க?" என்று கேட்டாள். "இன்னும் நாலு வாரம் லீவு இருக்கே!" என்றேன். அவள் முகம் வாடியது. "பள்ளிக்கூடம் இருந்தா காலையில பொங்கல், மத்தியானம் சோறும் முட்டையும் குடுப்பாங்க" என்றாள். நான் உள்ளே ஓடி, மீந்திருந்த இட்லிகளைக் காகிதத்தில் கட்டி வந்து நீட்டினேன். "வேணாங்கா. யார் வாசல்லயும் வாங்கித் தின்னக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு" என்று கூறிவிட்டுக் குடத்துடன் நடந்தாள். நான் நாணி நின்றேன்.

அன்று மாலை அப்பாவிடம் இதைச் சொன்னேன். 1920-இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் உணவு தொடங்கியதையும், 1956-இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்ததையும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதையும் அவர் விளக்கினார். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் இந்த அடுப்புகள் யாவும் பள்ளி நாட்களில் எரிபவை. பள்ளியைப் பூட்டினால் ஏழைப் பிள்ளைக்கு இருவேளை உணவு போய்விடுகிறது!

வேறு வழி தேடினோம். அங்கன்வாடிக்குப் பள்ளியைப் போல் நீண்ட விடுமுறை இல்லை. ஆனால் அது ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கே. அவள் தம்பிக்குக் கிடைப்பது அவளுக்குக் கிடைக்காது. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய்தான். எங்கள் ஊரோ மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ளது. கோயில் அன்னதானத்திற்குச் சிறு பெண் நாள்தோறும் தனியாகப் பேருந்தில் போவாளா?

அப்போது அம்மா சொன்னார்: "நீ மிச்சத்தைக் கொடுத்தாய். பள்ளியில் எல்லாரும் வரிசையாய் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்கள். அது பிச்சை ஆகாது."

மறுநாள் அம்மாவே கொட்டகைக்குச் சென்று, "எங்க பொண்ணு மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறா. உங்க பாப்பாவும் கூட வந்து சாப்பிடட்டுமே" என்று கேட்டார். பாப்பா வந்தாள், தன் பள்ளித் தட்டோடு! அடுத்த வாரம் ஏழு தட்டுகள். உலையில் அரிசி கூடியது. பக்கத்து வீட்டு அத்தை செவ்வாயும் வெள்ளியும் தாமே சமைப்பதாகச் சொன்னார். நானும் அவர்களோடு தரையில் அமர்ந்து உண்டேன். முட்டையை உடையாமல் உரிப்பதற்குப் பாப்பாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

ஜூனில் பள்ளி திறந்தது. கூடம் வெறிச்சோடியது. ஆயினும் என் மனம் நிறைந்திருந்தது.

தோழியரே, வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. 2020-இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்தபோது சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் வழங்கினார்கள். எனவே மனமிருந்தால் மார்க்கமுண்டு. வள்ளலார் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டியதும் ஒரு மே மாதத்தில்தான், 1867-இல். அது இன்றும் அணையவில்லை. நற்செய்தியில் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டுவந்தவன் நம்மைப் போன்ற ஒரு சிறுவனே.

அரசு விடுமுறையிலும் அடுப்பை மூட்டும் நாள் வரட்டும். அதுவரை, நம் தெருவில் யாருடைய தட்டு மே மாதத்தில் காலியாகிறது என்று பார்ப்போம். பார்த்தபின், வாசலில் நின்று கொடுக்காமல், உள்ளே அழைத்து உடன் அமர்ந்து உண்போம்!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி