இருக்கை எண் போட்ட ஊர்கோலம்

சிங்கப்பூரில் 1972இல் பட்டாசு தடை செய்யப்பட்டது. சீனப் புத்தாண்டு களையிழந்து போகக் கூடாதென்று மக்கள் கழகம் மறு ஆண்டே ஒரு ஊர்வலத்தைத் தொடங்கியது. பெயர் சிங்கே. முதலில் சீனர்களின் சிங்க ஆட்டமும் கொடிக்கம்பமுமாக இருந்தது. பிறகு மலாய்க்காரர்களும் இந்தியர்களும் சேர்ந்தார்கள். தெருக்களில் போய்க்கொண்டிருந்த ஊர்வலம் 2010இல் ஃபார்முலா ஒன் பந்தயக் கட்டடத்துக்கு இடம் மாறியது.

அதைப் பார்க்கத்தான் தனியாகக் கிளம்பினேன். அம்மாவுக்குப் புரியவேயில்லை. "ஊர்கோலத்துக்கு யாராச்சும் வெள்ளி கட்டி டிக்கட் வாங்குவாங்களா? அதும் ஒத்தையிலயா?" என்றார். அவர் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். மாரியம்மன் தேர் லயத்துக்குள் வரும்; ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும்; தட்டை நீட்டி, தேங்காய் உடைத்து அனுப்ப வேண்டும். மாசி மகத்தில் செங் சன்னாசிமலைக்குப் போகும்போதும் தேருக்குப் பின்னால் நடப்போம். அவருக்குத் தெரிந்த ஊர்கோலத்தில் பார்வையாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது.

மலாக்கா சென்ட்ரலில் பஸ் ஏறினேன். ஜொகூரில் ஒரு முறை, உட்லண்ட்ஸில் ஒரு முறை பையோடு இறங்கி ஏற வேண்டும். தனியாகப் போவதில் ஒரு சுகம் இருந்தது, மறுக்க மாட்டேன். தோட்டத்துத் திருவிழாவில் பத்தடிக்கு ஒரு தடவை "நீ யாரு வீட்டுப் புள்ளம்மா? கல்யாணம் ஆச்சா?" என்று கேட்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. வரிசை எண், இருக்கை எண், அவ்வளவுதான்.

ஊர்வலம் அழகாகவே இருந்தது. வெளிச்ச வண்டிகள், நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள், ஒருவருக்கும் கால் பிசகவில்லை. இந்தியக் குழு வந்தபோது மேளச் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. தோள் தன்னால் ஆடியது. எழுந்து இறங்கலாம் என்றால் முன்னால் தடுப்பு. சில நிமிடங்களில் அடுத்த குழு வந்துவிட்டது.

மறுநாள் காலை சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை நடந்தேன். தைப்பூசக் காவடிகள் போகும் பாதை அது. சிங்கே பிறந்த அதே 1973இல்தான் இந்தப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. குழுக்களுக்குள் நடந்த சண்டைகள் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016இல்தான் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். ஒரு கொண்டாட்டத்துக்கு மேடை கிடைத்த ஆண்டிலேயே இன்னொன்றின் மேளம் நிறுத்தப்பட்டிருக்கிறது.

சொல்லப்பட்ட காரணத்தைப் பொய் என்று தள்ள என்னால் முடியாது. உறுமி மேளக் கூட்டங்கள் முட்டிக்கொண்டு மண்டை உடைந்த திருவிழாக்களை நானும் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் பெண்பிள்ளைகள் எப்படி உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதும் தெரியும். இருக்கை எண் தந்த பாதுகாப்பு சின்ன விஷயமில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலையாக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதை அந்த நடையில்தான் யோசித்தேன். சாமியை நம் வாசலில் நிறுத்தும் உரிமையைக் கொடுக்கிறோம். தாளத்தை நாமே கூட்டிக் குறைக்கும் உரிமையைக் கொடுக்கிறோம்.

எங்கள் பக்கம் அதை எந்த அரசும் பிடுங்கவில்லை. தோட்டம் செம்பனையாக மாறியது, லயம் காலியானது, ஜனங்கள் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். தேர் இப்போதும் வருகிறது. இரண்டு பக்கமும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறோம். வடம் பிடிக்க ஆள் தேடுகிறார்கள்.

இந்த மாசி மகத்துக்கு நான் தனியாகத்தான் போகப்போகிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் சொல்லிவிட்டு, கூடவே நடக்க வேண்டியதுதான்.