மிட்டாய் டப்பாவின் ஜாதகம்

மிட்டாய் நாவில் கரைந்து போகிறது. அதைச் சுற்றிய காகிதம் தெருவுக்குப் போகிறது. டப்பா ஒன்றுதான் கடுகோ பித்தானோ போட்டு வைப்பதற்காக வீட்டிலே தங்குகிறது. குழந்தைகளை வசப்படுத்த வியாபாரிகள் செய்த இவ்வற்பச் சாமான்களுக்கும் ஜாதகம் உண்டென்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அதைக் கணிப்பது அரிய வித்தையன்று.

சென்ற மாதம் திருநின்றவூரில், பாகப்பிரிவினையான ஒரு பழைய வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களைத் திண்ணையில் பரப்பி விற்றார்கள். பித்தளை அண்டாக்களுக்குப் போட்டி பலமாயிருந்தது. மூலையில் பாரி கம்பெனியின் மிட்டாய் டப்பா ஒன்றும், அதற்குள்ளே ‘பிக் ஃபன்’ பபிள்கம்முடன் வந்த கிரிக்கெட் வீரர் படங்களும் கேட்பாரற்றுக் கிடந்தன. பழைய இரும்புக்காரர் டப்பாவைத் தராசில் ஏற்றும் சமயம் நாம் குறுக்கிட்டோம்.

இத்தகைய பொருளில் முதலில் விலையைப் பார்க்க வேண்டும். அணாக் கணக்கென்றால், 1957 ஏப்ரலில் தசாம்ச நாணயம் வருமுன் செய்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்குப் பிந்தியது. 1964 ஜூனில் ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசாவாயிற்று. அடுத்தது எடை. பவுண்டும் அவுன்ஸும் பழமையைக் காட்டும். 1958 முதல் படிப்படியாகக் கிராம் வந்தது. பிறகு விலாசம். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15-ல் பிறந்தது. கம்பெனிப் பெயரும் சாட்சி சொல்லும். பாரி மிட்டாய்த் தொழில் 2004-ல் கொரியாவின் லோட்டே கம்பெனி வசமாயிற்று.

இதில் ஒரு விதியை மறக்கலாகாது. இருப்பது உறுதியான சாட்சி. இல்லாதது வெறும் அனுமானம். இந்த டப்பாவில் எடை கிராமிலும் விலை வெறும் பைசாவிலும் இருந்தன. ஆகவே 1964க்குப் பிந்தியது என்பது உறுதி. பின்கோடு இல்லாமையால் 1972க்கு முந்தியதாகலாம் என்பது அனுமானம். படங்களோ கபில்தேவ் காலத்தவை. 1980களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. டப்பாவுக்கும் அதன் உள்ளீட்டுக்கும் ஏறக்குறைய இருபது வருஷ இடைவெளி! இதற்கு அச்செழுத்தில் விடையில்லை.

உள்ளே ஊஞ்சலில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் கேட்டோம்.

“டப்பா என் மூத்த மகளுக்கு அவள் அப்பா பட்டணத்திலிருந்து வாங்கி வந்தது, வாத்தியாரே. படமெல்லாம் அவள் பிள்ளை சேர்த்தது. பரிசு வாங்க இன்னும் மூன்று குறைகிறதென்று ஒரு கோடை விடுமுறை முழுதும் அழுதான்” என்றார்.

அவ்வார்த்தைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள் வைத்தோம். அதைப் படித்த மகனார், “இதை விற்பதற்கில்லை” என்று திரும்ப வாங்கிக்கொண்டார். இரும்புக்காரருக்கு நஷ்டம் அதிகமில்லை. எடை கால் கிலோவும் தேறாது.

பொருளின் காலத்தை அச்சு சொல்லும். அதை வைத்திருந்த கை யாருடையது என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்ல முடியும். திருநின்றவூர், பூசலார் நாயனார் மனத்துக்குள்ளே கோயில் கட்டிய தலம். அக்கோயிலின் செய்தியை ஈசனே பல்லவ மன்னன் கனவிற் சென்று அறிவித்தான் என்பார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் மனத்தில் இருப்பதை எவரும் கனவில் வந்து அறிவிக்கப் போவதில்லை. அவர்கள் இருக்கும்போதே நாம்தான் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.