விடியற்காலைப் புளிப்பு

கல்லடைப்பினால் அவதியுற்ற என் தகப்பனாருக்கு, திருப்புலிவனத்து வீட்டுக் கிணற்றுச் சுவரின் வெடிப்பில் வேரோடி, அக்கினி நட்சத்திரத்தில் கொல்லைப் பசுமையெல்லாம் கருகிய பின்னும் தடித்த இலைகளில் நீர் ததும்ப நின்ற ரணகள்ளியின் இலையொன்றைப் பொழுது விடியுமுன் பறித்துக் கொடுத்த பாட்டி, “காலையில் புளிக்கும், சாயங்காலம் கசக்கும்” என்று சொன்னதை, மருந்துக்குக் கட்டிய கதையென்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். வண்டு மொய்க்குமுன் மலர் கொய்வதற்காகப் புலியின் காலும் கண்ணும் வரமாகப் பெற்ற வியாக்ரபாதரின் பெயர் விளங்கும் ஊரில், இருட்டோடு எழுந்து பறிப்பதற்குக் காரணம் கேட்கும் வழக்கமுமில்லை. பிறகொரு நாள் நானே கிள்ளி மென்றேன். விடியலில் பல் கூசப் புளித்த இலை, உச்சிப்போதில் சப்பென்றிருந்தது.

இப்புளிப்பின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டவனுக்கு முதலில் தெரியவந்தது, செடியே நம்முடையதன்று, மடகாஸ்கர் தீவினது என்பதாகும். அடுத்துத் தெரியவந்தது, பாட்டியின் வாக்கு 1815-லேயே லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறிவிட்டது என்பது! ஜெர்மனியில் பிறந்து, மொரேவியச் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னையில் கும்பெனியின் தாவர சாஸ்திரியாக உத்தியோகம் வகித்து, 1819-இல் வேப்பேரியில் காலமான பெஞ்சமின் ஹைனே என்பவர், இந்த இலை காலையில் புளித்து, நண்பகலில் சுவையற்று, மாலையில் சற்றே கசப்பதை 1813-இல் லாம்பர்ட் என்னும் நண்பருக்குக் கடிதமாக எழுதியிருந்தார். அவருக்கும் கருவி நாக்குதான்.

வெளிச்சம் புளிப்பைக் கரைக்கிறதென்று கண்ட ஹைனேவுக்கு அதன் பிரயோஜனம் புலப்படவில்லை; அது பிற்காலத்தார் கண்டது. கரியமில வாயுவை உட்கொள்ள இலைத்துளைகளைத் திறந்தால், அவ்வழியே நீர் ஆவியாகிவிடும். ஆதலால் வறண்ட நிலத்துத் தாவரங்கள் பல, பகலெல்லாம் துளைகளை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் மட்டுமே திறந்து, உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக, அதாவது ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலமாக, மாற்றிச் சேமித்து, விடிந்ததும் கதவடைத்தபடியே அதைக் கரைத்துச் சர்க்கரை சமைக்கின்றன. மெக்ஸிகோப் பாலைவனத்துச் சப்பாத்திக்கள்ளிக்கும் நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளிக்கும் இதுவே ஜீவனோபாயம். எங்களூரோ ஏரிப்பாசனத்து ஊர். ஆயினும் கிணற்றுச் சுவரின் வெடிப்பு ஒரு சாண் பாலைவனந்தானே!

பிரண்டையும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததென்று படித்த உற்சாகத்தில், மறுநாள் வைகறையில் ஒரு கணுவைப் பச்சையாகவே கடித்தேன். புளிப்பு இருந்ததா என்று ஆராய அவகாசமே இல்லாமல் நாக்கு நமைத்தது.

“அதுக்குத்தானேடா துவையல்ல புளி வைக்கிறோம்” என்றாள் பாட்டி.